மேட்டுப்பாளையத்துக்குப் போன மாலை

நம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கவிதா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பொன்விழா மேடைகளில் எத்தனை பெரிய மனிதர்களின் கையிலிருந்து நானே சிரித்துக்கொண்டு மைக்கை வாங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று தோன்றியது. யாருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது, யாரிடம் எப்போது நன்கொடை கேட்பது, ரசீதை எப்படி அனுப்புவது என்றெல்லாம் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரைச் செத்துப்போனார் என்று நாமே அறிவித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பொறுப்பில் இருந்தபோது அது நடந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் முன்னாள் மாணவர் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. இங்கே எந்த வகுப்பை எடுத்தாலும் இரண்டு மூன்று பழனிசாமிகள் இருப்பார்கள். கூடவே நாலைந்து சுப்பிரமணியங்கள். அதனால் பையன்கள் ஊரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். உடுமலை பழனிசாமி, காரமடை பழனிசாமி, மேட்டுப்பாளையம் பழனிசாமி. நான் சொல்ல வந்தது அந்த மூன்றாவது பழனிசாமியைப் பற்றி. மெக்கானிக்கல் படித்தவர். படிப்பு முடிந்த கையோடு அப்பாவின் உருளைக்கிழங்கு மண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் மற்றவர்கள் தலைமைப் பொறியாளர்களாகவும் மில் முதலாளிகளாகவும் அமெரிக்காக்காரர்களாகவும் ஆனார்கள். இவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததாக நம் பதிவில் இல்லை. நம் கணினியில் 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று ஒரு வகை இருக்கிறதல்லவா, அதில்தான் இவர் பெயர் கிடந்தது.

அந்த வகுப்புக்குப் பொன்விழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். வகுப்புச் செயலாளர் சீனிவாசன், உடுமலைப் பக்கம் நூல் மில் வைத்திருக்கும் குடும்பம். விடுதியில் மேட்டுப்பாளையம் பழனிசாமியின் அறைத் தோழர். இவ்வளவு வருடம் கழித்து அவனை எப்படியாவது கண்டுபிடித்து விழாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தார். பழனிசாமிக்கு நெஞ்சு வலி வந்து கோயம்புத்தூரில் ஆபரேசன் ஆகியிருக்கிறது என்று யார் மூலமோ அவருக்குச் சேதி வந்திருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எப்படி இருக்கிறார் என்பது தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே வகுப்புக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. பழனிசாமி, மேட்டுப்பாளையம். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அந்த வயதில் எல்லாருமே கிட்டத்தட்ட அப்படித்தான் இருப்பார்கள். அவர் காரில் இருந்தபடியே படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஆபரேசன் சேதியும் ஃபிளெக்ஸும் சேர்ந்ததும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீனிவாசன் அழுதுகொண்டே நம் அலுவலகத்துக்குச் சொல்ல, அன்று ஞாயிற்றுக்கிழமைப் பணியில் இருந்த கவிதா, பட்டமளிப்பு விழாவில் எடுத்த பழைய படத்தை வைத்து நம் இணையப் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டுவிட்டாள். கீழே தொடர்புக்கு என் எண். நண்பர்கள் குழுவில் பேசி, அவர் பெயரில் நினைவு உதவித்தொகை ஒன்று தொடங்கலாம் என்று முடிவும் செய்துவிட்டார்கள். பணம் அனுப்பும் இணைப்பையும் கவிதா அதே செய்தியில் சேர்த்தாள். துக்கத்தில் கொடுக்கிறவர்கள் யோசித்துக் கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத பணம் அன்று காலையில் தானாக வந்துகொண்டிருந்தது.

நான் அப்போது மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் இருந்தேன். போன் பையில் ஊமையாகக் கிடந்தது. வெளியே வந்து எடுத்தபோது, தெரியாத எண் ஒன்று திரும்பத் திரும்ப அழைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தது.

"ஏனுங், நீங்கதான் காலேஜ்ல ஸ்டெல்லா மேடமுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"மேட்டுப்பாளையம் பழனிசாமி பொண்ணு சாந்தி பேசறேனுங்க. என்ற அப்பா செத்துப்போயிட்டாருன்னு படம் போட்டிருக்கீங்களே, அவரு இப்பத்தான் இட்லி தின்னுபோட்டு உக்காந்திருக்காருங்க."

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்தப் பக்கத்துக்காரர்கள் கோபத்திலும் மரியாதையை விடமாட்டார்கள். கோபம் ஏற ஏற 'ங்க'வும் கூடும். அவள் பேச்சில் அது வரிக்கு வரி இருந்தது. அந்தப் பெண் கத்தவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுகிறார்கள், யாருக்கென்று பதில் சொல்வது என்று நிதானமாகச் சொன்னாள். கடைசியில் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"வெள்ளி விழாவுக்கு ஒருக்கா வந்தாருங்க. என்ன வேலைன்னு கேட்டதுக்கு உருளைக்கிழங்கு மண்டின்னு சொல்லியிருக்காரு. அது செரி, இஞ்சினியரிங் படிச்சுப்போட்டு என்ன வேலை பாக்கறீங்கன்னு பதிவு மேசைல இருந்தவங்க மறுக்கா கேட்டாங்களாமா. சோறு திங்காம திரும்பி வந்துட்டாரு. அன்னிக்கு அப்பிடிச் செஞ்சீங்க, இன்னிக்குக் கொன்னே போட்டீங்க."

வெள்ளி விழா நடந்தபோது நான் இந்த வேலைக்கே வந்திருக்கவில்லை. ஆனால் அவளுக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் ஏன் வராமல் இருந்தார் என்பது இத்தனை வருடம் கழித்து எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நம் வாசலில் ஒருமுறை கூசித் திரும்பிப் போன மனிதர். இன்று நாம் செய்வதைப் பொறுத்து ஒன்று அவர் திரும்பி வருவார், இல்லாவிட்டால் சாகும்வரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். எனக்கு அந்தப் பணமோ பல்கலைக்கழகத்தின் பெயரோ அப்போது பெரிதாகப் படவில்லை. அந்த மனிதரை இரண்டாவது முறை இழந்துவிடக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது. நானே நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவள் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இயக்குநருக்குப் போன் செய்தேன். அவர் நல்லவர், ஆனால் காகிதத்தை நம்புகிறவர். செய்தியை உடனே நீக்குங்கள், திருத்தம் போடுங்கள், வருத்தம் தெரிவித்துத் திங்கட்கிழமை கூரியரில் கடிதம் அனுப்பலாம் என்றார். நேரில் போனால் தவறை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் சிக்கல் என்றும் யோசித்தார். "தப்பு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு சார், இனி ஒத்துக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் போய்விட்டு வாருங்கள் என்றார், அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கவிதா போனில் தேம்பிக்கொண்டிருந்தாள். தானும் வந்து அவர் காலில் விழுகிறேன் என்றாள். விழ வேண்டாம், உட்கார்ந்து வேலையைப் பார் என்று அதட்டினேன். அதட்டியது கோபத்தில் இல்லை. அழுகிறவர்களுக்குக் கையில் வேலை இருந்தால் நல்லது. பணம் வரும் இணைப்பை மூடச் சொன்னேன், செய்தியை நீக்கித் திருத்தம் போடச் சொன்னேன், சீனிவாசனைப் பிடிக்கச் சொன்னேன். நான் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில் கிளம்பித் துடியலூரைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள். சீனிவாசன் போனை அணைத்து வைத்திருக்கிறார். வீட்டில் விசாரித்ததில், அவரும் பெஞ்சமின் உட்பட இன்னும் மூன்று வகுப்பு நண்பர்களும் பூ மார்க்கெட்டில் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்க மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசலுக்குச் சாவு மாலை போய்க்கொண்டிருக்கிறது. காரமடை தாண்டியதும் ஊட்டிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவரிடம் நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் வண்டியைச் சந்துகளில் விட்டு ஓட்டினார். எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அன்று என்னோடு போட்டி போட்டவர்கள் வழியில் எங்கோ டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். துக்கத்திலும் டீ வேண்டியிருக்கிறதே, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வீட்டு வாசலில் வேறு கார் இல்லை. சாந்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டியை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், குரலிலேயே அது தெரியும். யார் போட்டது, அந்த ஆளின் பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஆபீஸ் போட்டதுங்க. ஆபீஸுக்கு நான் பொறுப்பு."

"பேரைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேனுங்க. திட்டறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

இதை நான் உங்களிடம் பெருமைக்காகச் சொல்லவில்லை. தவறு நடந்த இடத்தில் கூட வேலை செய்கிறவரின் பெயரைக் கொடுத்துவிட்டால் அந்த நிமிடம் நமக்குச் சுமை குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் அதோடு நம்மை மதிப்பதை நிறுத்திவிடுவார். சாந்தியின் முகம் சற்று இளகியது அப்போதுதான். அந்தத் தைரியத்தில் மாலை வந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். அவள் உடனே கேட்டை இழுத்துப் பூட்டப் போனாள். தெருமுனையிலேயே அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றாள். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. நான் திரும்பி நடக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல், காலேஜிலிருந்து வந்தவர்களை உள்ளே வரச்சொல் என்றது.

பழனிசாமி கூடத்தில் ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். மெலிந்து, சட்டைப் பொத்தானைத் திறந்து போட்டுக்கொண்டு, நெஞ்சோடு ஒரு சின்னத் தலையணையை அணைத்தபடி. மறு கையில் மகளின் போன். வரும் வழியெல்லாம் நான் தயார் செய்த மன்னிப்பு வாசகங்கள் தொண்டை வரை வந்திருந்தன. அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, அதை எதுக்கு அழிச்சுப்போட்டீங்க? நான் படிச்சிட்டு இருந்தனே."

எனக்குப் புரியவில்லை. காலையிலிருந்து அவர் நம் பக்கத்தில் அந்த இரங்கல் செய்திக்குக் கீழே நண்பர்கள் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சுக்கு ஆகாது என்று மகள் போனைப் பிடுங்கப் பிடுங்க, இரு கண்ணு, இன்னும் முடியவில்லை என்று திரும்ப வாங்கியிருக்கிறார். மெஸ் மூடிக் கிடந்தபோது மண்டியிலிருந்து மூட்டையோடு கிழங்கு கொண்டுவந்து விடுதி முழுவதுக்கும் ஆக்கிப் போட்டதை ஒருவர் எழுதியிருக்கிறார். பரீட்சை நாட்களில் விடியுமுன் ஒவ்வொரு அறையாகத் தட்டி எழுப்பியதை இன்னொருவர் எழுதியிருக்கிறார். கோத்தகிரிக்காரர் பெஞ்சமின் நீளமாக எழுதியதில் முதல் இரண்டு வரிதான் தெரிந்திருக்கிறது. மீதியைப் படிக்க விரலை வைத்ததும் மொத்தமும் காணாமல் போய்விட்டது. நாங்கள் அவ்வளவு அவசரமாக, அவ்வளவு பொறுப்பாக நீக்கியது அந்த நொடியில்.

"அம்பது வருசமா என்னைய எவனுக்கும் நெனப்பு இருக்காதுன்னே இருந்துட்டனுங்க" என்றார். "பாதியில போயிருச்சு. அந்த பெஞ்சமின் என்ன எழுதியிருந்தான்னு மட்டும் உங்களுக்குத் தெரியுங்களா?"

எனக்குத் தெரியாது. கவிதாவுக்கும் தெரியாது, நீக்கியதை மீட்கவும் வழியில்லை. சாந்தி வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெஞ்சமினே வந்துகொண்டிருக்கிறார், சீனிவாசனும் வருகிறார், ஆனால் மாலையோடு வருகிறார்கள் என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் போலிருக்கிறது, தலையணையை நெஞ்சில் இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

"கேட்டைத் தொறந்து வை கண்ணு" என்றார் மகளிடம்.

கார் வந்து நின்றது. நால்வரும் இறங்கினார்கள். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படி, தலையைக் குனிந்துகொண்டு, வாய் பேசாமல். முன்னால் சீனிவாசன். தோளில் துண்டு, இரண்டு கையிலும் அந்த மாலை. பந்தலும் நாற்காலியும் கூட்டமும் இல்லாததைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது, பிந்திவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். வாசலில் நின்ற சாந்தியைப் பார்த்ததும் அவருக்கு உதடு துடித்தது. அந்தப் பெண் அவர்களை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். காலையிலிருந்து அவ்வளவு பட்டிருக்கிறாள். அவள் கையைக் கூப்பி,

"வாங்க மாமா, உள்ள வாங்க" என்றாள்.

இழவு வீட்டில் யாரும் வந்தவர்களை வாங்க என்று கூப்பிடுவதில்லை. சீனிவாசன் அப்படியே நின்றுவிட்டார். மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"என்றா சீனி, அங்கியே நின்னுட்ட? செருப்பைக் கழட்டிப்போட்டு வா, இப்பத்தான் ஊடு தொடச்சிருக்கு."

சீனிவாசனின் கையிலிருந்த மாலையை யார் வாங்கிக் காரின் மேல் வைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அந்த மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே திட்டினார். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா, கழுதை, இத்தனை வருடம் எங்கடா போயிருந்தாய் என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார். சாந்தி காபி வைக்கப் போனாள். பெஞ்சமின், எழுதியதன் மீதியை நேரிலேயே சொன்னார். மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது பழனிசாமி அவரை இதே வீட்டுக்குக் கூட்டிவந்து, குணமாகும்வரை வைத்திருந்து அனுப்பியிருக்கிறார். "உங்கம்மா என்னைய ஊட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி பாக்கலை, இன்னொரு பையன் மாதிரி பாத்தாங்க" என்று எழுதியிருந்தேன் என்றார். பழனிசாமி அதை மறந்தே போயிருந்தார். இது எல்லாம் ஒரு விஷயமா என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். இந்த வேலை எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய கொடுப்பினை அந்த ஒரு டம்ளர் காபிதான் என்று கூசாமல் சொல்வேன்.

எல்லாரும் சற்று ஓய்ந்த பிறகு பழனிசாமி கேட்டார், அந்த மாலை எங்கே என்று. ஆற்றில் விட்டுவிடுகிறோம் என்று சீனிவாசன் மழுப்பினார்.

"எதுக்கு ஆத்துல உடறது? அது அந்தப் பழனிசாமிக்கு வாங்குன மாலைதான. அவரு ஊடு அடுத்த தெருவுலதான் இருக்குது."

அவர்தான் அந்த ஃபிளெக்ஸில் இருந்தவர். டெம்போ ஓட்டியவர், மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் இறக்கிக்கொண்டு வருவார், இவருடைய மண்டிக்கும் ஓட்டியிருக்கிறார். ஒரே பெயர், அடுத்தடுத்த தெரு. வாழ்நாள் முழுக்க இவர் தபால் அவருக்குப் போகும், அவர் தபால் இவருக்கு வரும். கடைசித் தபாலும் மாறிவிட்டது என்றார் பழனிசாமி. ஆபரேசன் ஆன உடம்போடு துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று சாந்தி மறித்தாள். நான் போகாமல் வேறு யார் போவது, படி ஏற மாட்டேன், வாசலில் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார்.

அங்கே முதல் நாளே எல்லாம் முடிந்திருந்தது. நாற்காலியில் படம், முன்னால் விளக்கு. அந்தச் சின்ன வீட்டில் வேறு மாலைகள் இல்லை, ஒரு கதம்பச் சரம் மட்டும் படத்தில் தொங்கியது. சீனிவாசன் ரோஜா மாலையைப் போட்டார். படத்தையே மறைக்கிற அளவு பெரிய மாலை. மகன் முருகேசன், அவரும் டெம்போ ஓட்டுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்களெல்லாம் அப்பாவுக்கு எப்படிப் பழக்கம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாசலில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்ற பழனிசாமிதான் பதில் சொன்னார்.

"என்ற கூடப் படிச்சவங்கப்பா. பழனிசாமிக்குன்னு வந்தாங்க."

முருகேசன் படத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். துக்க வீட்டு வழக்கப்படி நாங்கள் யாரும் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்தோம்.

நம் தொழிலில் இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. துக்கத்தில் வந்த பணம் கையில் இருக்கிறது. துக்கமோ பொய்யாகிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க யாருக்கும் நாக்கு வராது, அதனால் பேசாமல் வைத்துக்கொள்ளலாம், பெயரிலிருந்து 'நினைவு' என்பதை மட்டும் எடுத்துவிடலாம் என்று நிதிப் பிரிவில் சொன்னார்கள். கேட்க நாக்கு வராது என்பதால்தான் நாமே கேட்க வேண்டும் என்றேன். நானும் கவிதாவும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். அவர் இறந்துவிட்டார் என்று எண்ணிக் கொடுத்தீர்கள், இருக்கிறார், பணம் வேண்டுமா என்று கேட்டோம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆனந்தத்தில் சத்தம் போட்டவர்கள் உண்டு. ஒருவர் மட்டும் திருப்பிக் கேட்டார், அன்றே அனுப்பிவிட்டோம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கேட்க உரிமை உள்ள மனிதர். மற்றவர்கள் பழனிசாமி சொல்கிறபடி செய்யுங்கள் என்றார்கள்.

பழனிசாமியோ, உயிரோடு இருந்துகொண்டு என் பெயரைப் போட்டுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது என்றார். நினைவு நிதி என்றே இருக்கட்டும், டெம்போக்காரர் பழனிசாமியின் நினைவாக இருக்கட்டும், மேட்டுப்பாளையத்திலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். நம் கமிட்டியில் இரண்டு கூட்டம் இதற்கே ஓடியது. இங்கே படிக்காத ஒருவர், வாசலைக்கூடப் பார்த்திராதவர் பெயரில் எப்படி வைப்பது என்று கேட்டார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் பெயரை முடிவு செய்யலாம் என்றுதான் விதி இருக்கிறது, அந்தப் பெயருக்குரியவர் படித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று நானும் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் சம்மதித்தார்கள். பொன்விழாவுக்குப் பழனிசாமி மகளோடு வந்தார். பதிவு மேசையில் நானே உட்கார்ந்திருந்தேன். என்ன வேலை என்று நான் கேட்பதற்கு முன்பே, "உருளைக்கிழங்கு மண்டிங்க" என்று பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். அன்று பந்தியில் கடைசியாக எழுந்தவர் அவர்தான்.

அடுத்த வருடம் ஒரு நாள் நம் வாசலில் காவலாளி ஒரு டெம்போவை மறித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார் முருகேசன். காக்கிச் சட்டையோடு, அலுவலகத்துக்குள் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு, அப்பாவின் பெயரில் ஏதோ நிதி இருக்கிறதாமே, மண்டிக்கார ஐயா சொன்னார், அதில் என் பங்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். நான் இந்த வேலையில் எத்தனையோ கோடீஸ்வரர்களின் வரவேற்பறையில் காத்துக் கிடந்திருக்கிறேன். நாம் கேட்காமலேயே, தேடி வந்து கொடுத்த மனிதர் அவர். அதற்குப் பிறகு அவருடைய அப்பாவின் திதி வரும்போதெல்லாம் அந்த டெம்போ வருகிறது. இப்போது காவலாளி மறிப்பதில்லை.

முருகேசன் வந்த அந்த முதல் நாளில் ரசீது போடக் கவிதா உட்கார்ந்தாள். பெயர், ஊர், தொலைபேசி எல்லாம் ஏறிவிட்டது. நம் கணினியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, எந்த வருடத்து மாணவர் என்று நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. முருகேசன் எட்டாவதோடு நின்றவர். அவர் எதிரிலேயே என்ன செய்வதென்று கவிதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவளே போனை எடுத்து மேட்டுப்பாளையத்துக்குக் கூப்பிட்டு, ஐயா, முருகேசன் அண்ணன் வந்திருக்கிறார், எந்த வருடம் என்று போடட்டும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க பேட்ச்சுன்னே போட்டுரு அம்மணி" என்றார் பழனிசாமி.

அப்படியே போட்டிருக்கிறோம். திருத்திவிடாதீர்கள்.